நர்ஸ் எழுதிய சொல்

தலையணை உறையைக்கூடத் தேய்த்துப் போடுகிறவர் வீட்டைப் பார்த்து அப்படி எழுத எப்படித்தான் மனம் வந்ததோ. இஸ்திரிக்காரருக்கு ஆறவே இல்லை.

கை கால் விழுந்து படுத்திருக்கும் மனைவியைப் பார்க்க வாரம் ஒருமுறை நர்ஸ் வருவாள். போன வாரம் அறிக்கையில் ஓர் இங்கிலீஷ் சொல்லை எழுதினாள். கேட்டதற்கு, கவனிப்பு போதாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவர் மாடாக உழைத்தார். ஜன்னல் கம்பிவரை துடைத்தார். விரிப்பைத் தினமும் மாற்றினார். மனைவிக்கு உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, சூடு ஆறாத நைட்டியை மாட்டிவிட்டார். இடுப்பு கழன்றுவிட்டது.

இன்றைக்கும் நர்ஸ் அதே சொல்லைத்தான் எழுதினாள். மூன்றாம் முறையும் எழுதினால் மனைவியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கடைக்குத் தேய்த்த துணியை வாங்க வந்த டீச்சரிடம் தாளை நீட்டினார்.

"அன்கெம்ப்ட். ஒழுங்கில்லாம, அலங்கோலமா இருக்கறதுன்னு அர்த்தம்ணா. இப்ப தோட்டத்துக்குக்கூடச் சொல்றாங்க. ஆனா ஆதியில அதுக்கு ஒரே அர்த்தம்தான், சீவாத தலை."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். டீச்சர் போன பிறகும் அடுத்த சட்டையை எடுக்கவில்லை.

நர்ஸ் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அலுப்புதான் மிச்சம். அவள் பொய் எழுதவில்லை.

நடுப்பகலிலேயே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் திருப்பிவிட்ட அதே பக்கம்.

நைட்டியில் ஒரு சுருக்கம் கிடையாது, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அதன்மேல் பின்னல் மட்டும் சிக்கேறி, திரி திரியாகக் கிடந்தது. இத்தனை நாளும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார்.

கண்ணாடி அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துவந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கோ."

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலை, மத்தியானம் சீக்கிரம் வரச்சொல்லி அவரிடம் பேசிக்கொண்டே, அவள் தன் கையால் போட்ட பின்னல் அது. நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றி முடித்த பிறகுதான் கை விழுந்தது.

இஸ்திரிக்காரர் ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றினார்.