உரத்த சலாம்

“சேர், உங்கட புள்ளகள் சலாம் செல்ற சத்தத்தில எனக்கு நெஞ்சு படபடக்குது!” என்றார் பைறோஸா டீச்சர்.

ஸாலிஹ் சேருக்கும் படபடத்தது. அரை நிமிடத்துக்கு முன்னர்தான் அவர் கொரிடோரின் கடைசியில் உள்ள விளையாட்டுச் சாமான் அறைக்குள்ளிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார்.

இந்தச் சீனி வருத்தத்தோடு இம்முறை நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று வருடா வருடம் பாடம் நடத்துபவரும் அவரேதான். ஆனால் வெள்ளவத்தையின் அந்தத் தனியார் பாடசாலையில் இருக்கும் ஒரே இஸ்லாம் ஆசிரியர் நோன்பில்லை என்று வெளியே தெரிந்தால் மானம் என்னாவது? எனவே தினமும் இன்டர்வெல்லில், கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே, மீன் அடைத்த ஒரு மாலு பணிஸும் சீனிக்கான ஒரு குளிசையும்.

“நோம்பு கடுமை போல. முகம் வாடி ஈக்கு சேர்” என்றார் டீச்சர் பரிவோடு.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஸாலிஹ் சேர். இறைவனைப் புகழ்வது பொய்யில் சேராது என்பது அவருடைய சமாதானம்.

மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். இஸ்லாம் பாடத்துக்கு மொத்தமே பதினொரு பிள்ளைகள்.

“சஹ்லா, எழும்பு! நீதானே லீடர்? சலாம் எப்பிடிச் செல்லோணும்?”

“அடக்கமா, சேர்.”

“அப்ப ஏன் கொரிடோர்ல நிண்டு மீன் விக்கிற மாதிரிக் கத்துறீங்க?”

பதினொரு தலைகளும் குனிந்தன. ஸாலிஹ் சேருக்கு வெறுத்துப் போனது. நோன்பு தொடங்கியதிலிருந்து நற்பண்புகளைத்தான் தொண்டை வறளப் படிப்பித்துக்கொண்டிருந்தார். சோதனையும் வைத்தார். ‘பிறர் குறையை மறைத்தல்: உமது அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் தருக.’ பதினொரு பேரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: ‘சொன்னால் அது மறைத்ததாகாது.’ பார்த்தெழுதியதுமல்லாமல் திமிர் வேறு! எல்லோருக்கும் பத்துக்கு முட்டை போட்டிருந்தார்.

விடைத்தாள் கட்டை மேசையில் தொப்பென்று வைத்தார்.

“உங்களுக்குப் படிப்பிச்சு என்ன பிரயோசனம்? நாளையிலருந்து இன்டர்வெல்ல ஒருத்தரும் அந்தக் கொரிடோர்ல நிக்கப்படாது. வெளங்கிச்சா?”

பிள்ளைகள் பதறிப்போய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சஹ்லா மேசைக்கருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்ப, நீங்க உள்ளுக்குச் சாப்பிடக்குள்ள யாரும் வந்தா, நாங்க உங்களுக்கு எப்பிடி சேர் அறிவிக்கிற?”

ஸாலிஹ் சேர் விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, ஒவ்வொரு விடைத்தாளிலும் முட்டைக்கு முன்னால் ஒரு ‘ஒன்று’ போடத் தொடங்கினார்.