டெல்லிக்கு அனுப்பிய ஓட்டு

"வீரய்யாண்ணே, உட்காருங்க. நாளைக்கு நான் எம்.பி.யா டெல்லி போறேன்னா, அது ஒங்க கறம்பக்குடி ஓட்டாலதான்" என்றார் வக்கீல் நிலவழகன், கழுத்து மாலையைச் சரிசெய்தபடி.

வீரய்யாவின் வயல் தகராறு வழக்கைப் பல வருஷமாக நடத்துபவர் அவர்தான். தேர்தலில் வீடுவீடாக ஓட்டுக் கேட்டு அலைந்த வீரய்யா, கட்சி கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைக்கூடத் தொடவில்லை.

"என் மேல அப்படி என்னண்ணே பாசம்?"

வீரய்யா தரையைப் பார்த்தார். "டெல்லிக்குப் போயிட்டா இனிமே நம்ம கோர்ட்டுக்கு வர மாட்டீங்கள்ல, அய்யா?"

நிலவழகன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கலங்காதீங்க. லீவுல வந்து ஒங்க கேஸ நானே பாக்கிறேன்."

வீரய்யா பதறி எழுந்தார். "வேணாங்கய்யா. கேஸ் கட்டக் குடுத்துருங்க, வேற வக்கீல் பாத்துக்கிறேன். எப்ப வந்தாலும் வாய்தா, வாய்தான்னே போயிருச்சு."

"இத அப்பவே கேட்டிருக்கலாமேண்ணே?"

"எப்படிங்க? எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் மொத ஆளா வந்து நிக்கிறீங்க. மூஞ்சிக்கு நேரா கட்டக் கேட்டா ஒங்க மனசு நோகும்ல. ஜெயிக்க வச்சு அனுப்பிட்டா ஒங்களுக்கும் கௌரவம்னுதான் வேலை பாத்தோம்."

நிலவழகன் கழுத்து மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாத்தோமா? வேற யாருண்ணே?"

"அங்கிட்டுப் பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே, வாழ்த்த வந்த கூட்டம் தெருமுனை வரை மாலையோடு நின்றது. அத்தனையும் கோர்ட்டு வராந்தாவில் அவர் வாய்தா சொல்லி அனுப்பிய முகங்கள்.