கழுவின கரி

"விருபாக்ஷ என் சீசாவைத் திருடிட்டான், மேடம்."

நீலாம்பிகா மேடத்தின் மேஜைமுன் வந்து நின்று சொன்னாள்.

தார்வாடில் ஹிரேமட் மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் இருவரும் பிஎச்.டி. மாணவர்கள். மருந்தை ரத்தத்தில் சுமந்து போகக்கூடிய நுண்ணிய கரித்துகள் செய்வது வேலை. அவன் சர்க்கரையைச் சூடாக்கிச் செய்தான். அவள் விளக்குக் கரியை அமிலத்தில் கொதிக்கவைத்துச் செய்தாள்.

அவனுடைய துகள் ரத்தத்தில் சாதுவாக இருந்தது. அவளுடையதைக் கலந்தால் சிவப்பணுக்கள் வெடித்து, மேலே தெளிய வேண்டிய நீரெல்லாம் சிவந்துவிடும். இன்னொரு தடவை சிவந்தால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று மேடம் சொல்லிவிட்டார்.

"நீ செய்யறது மனுஷனுக்கு மருந்தா, எலிக்கு விஷமா?" என்று விருபாக்ஷ கேன்டீனில் மிர்ச்சி பஜ்ஜியைக் கடித்தபடி எல்லார் முன்னாலும் கேட்டிருந்தான்.

அவள் அக்கா கல்யாணத்துக்குக் கதக் ஊருக்குப் போய்த் திரும்பினால், அவள் துகள் மிச்சமிருந்த ஒரே சீசாவும் காணோம்.

மேடம் கூப்பிட்டனுப்பினார். அவன் சீசாவோடே வந்தான்.

"நான்தான் எடுத்தேன் மேடம். கேட்டா கொடுத்திருக்க மாட்டா."

"எதுக்கு எடுத்தே?"

"சவ்வுப் பையில கட்டித் தண்ணியில தொங்கவிட்டு, தண்ணியை மாத்தி மாத்திக் கழுவினேன். கரி மேல தப்பில்லைன்னு தோணுது. அதுல ஒட்டிக்கிட்டிருக்கற அமிலம்தான் அணுவைக் கொல்லுது. இப்ப சோதிக்கச் சொல்லுங்க."

நீலாம்பிகா அவனை முறைத்துக்கொண்டே துகளை ரத்தத்தில் கலந்தாள். காத்திருந்து, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்தாள்.

சிவப்பணுக்கள் அடியில் முழுசாகப் படிந்திருந்தன. மேலே நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது.

நம்பாமல் மறுபடியும் செய்தாள். மறுபடியும் தெளிவு.

கூடமே கைதட்டியது. யாரோ பேடா வாங்க ஓடினார்கள். நீலாம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் கரி ஜெயித்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மேடத்திடம் மெல்லச் சொன்னாள்: "சும்மா செஞ்சிருக்க மாட்டான் மேடம். இனிமே என் ஆய்வுல பங்கு கேட்பான் பாருங்க."

மேடம் இல்லை என்று தலையசைத்தார்.

"அமிலத்துல செஞ்ச கரி ரத்தத்துக்கு ஆகவே ஆகாதுன்னு அவன் எழுதின கட்டுரை அடுத்த மாசம் வெளிவர இருந்தது. அதை நிறுத்திடுங்கன்னு இப்பதான் சொல்லிட்டுப் போறான். உன் கரி பிழைச்சா தன் கட்டுரை செத்துடும்னு, சீசாவை எடுத்தப்பவே அவனுக்குத் தெரியும்மா."