பாலுசாமியின் மேக்

மகன் ஆப்பிள் மேக் என்று சொல்லி வைத்திருந்த கம்ப்யூட்டரில் புது மேக் ஓஎஸ் ஏற்ற, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ரியாஸைச் சூலூருக்கு வரவழைத்திருந்தார் பாலுசாமி. தூசி தட்ட ரியாஸ் பெட்டியைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, உள்ளார ஆப்பிள் சாமானம் ஒண்ணுமே இல்லீங்களே?"

"இது ஹேக்கின்டாஷுங்க. வேற கம்பெனி பார்ட்ஸைக் கூட்டி, இது மேக்குன்னு ஆப்பிள் சாஃப்ட்வேரை நம்ப வெச்சு ஓட்டுறதுங்க."

"அட கருமமே! டூப்ளிகேட்டுன்னு சொல்லுங்க."

அதன்பின் ரியாஸின் காதில் ரத்தம் வராத குறைதான். டூப்ளிகேட்டைத் தொடுகிறவன் கை விளங்காது என்றார். அடுத்தவன் பேரில் பிழைப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்றார். அப்டேட் இரண்டு முறை பாதியில் நின்றபோது, "பாத்தீங்களா, பொய் நிக்காதுங்க" என்று இளித்தார்.

ரியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை முயன்றான். திரை ஒளிர்ந்தது. மகன் மூடாமல் விட்டிருந்த டிசைனும் கூடவே திறந்துகொண்டது. சட்டைக் காலரில் தைக்கும் லேபிள். அதில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். கீழே 'மேட் இன் இத்தாலி'.

பின்கட்டு ஷெட்டில் பாலுசாமியின் சட்டை தைக்கும் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"எழுத்தெல்லாம் அப்படியே ஒரிஜினலாட்டம் இருக்குதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி."