இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்

ஆல்ஸ்டன் எழுந்தான். எலுமிச்சம்புல் தேநீர் வைத்தான். நேற்றுப் பொரித்த ஜானிகேக் ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றான். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.

போனில் கடல் மிதவை காட்டும் எண்களைப் பார்த்தான். வடக்கிலிருந்து பெரிய அலை. காற்று தெற்கிலிருந்து.

கடையின் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த, வாடகைக்கு விடும் அலைச்சறுக்குப் பலகைகளை வெளியே எடுத்துச் சாத்தினான்.

டொர்டோலா தீவின் வடகரைக்கு அலையில் சறுக்க வருகிறவர்கள் காலையில் அவனைக் கேட்டுவிட்டுத்தான் படகை எடுப்பார்கள். கல்லூரியில் கடலியல் படித்தவன். இந்தத் தீவு வரிசையில் எந்த அலைக்கு எந்தத் தீவு, எந்தக் காற்றுக்கு எந்தக் கரை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

கேட்டவுடன் சொல்லிவிடுவான் என்பதில்லை. வெளியூர்க்காரனுக்கு நல்ல அலையைக் காட்டிக்கொடுப்பதில்லை. கெட்ட இடத்தைச் சொல்லி எச்சரிப்பதும் இல்லை. இந்தக் கரையின் வழக்கம் அது. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டு ஒருவன் புரண்டு எழுவதைப் பார்த்துச் சிரிப்பதுதான் இங்கே காலைப் பொழுதுபோக்கு.

மச்சான் வெர்னல் ஓர் இளநீரோடு வந்து, வழக்கம்போல் கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து சீவத் தொடங்கினான்.

அப்போதுதான் அந்தப் பாய்மரப் படகு வந்து நங்கூரம் போட்டது. வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் நீலக் கோடு.

அந்தக் கோட்டுக்காகத்தான் ஆல்ஸ்டன் ஒரு வருடமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறிய ரப்பர் படகில் ஒருவன் கரைக்கு வந்தான். முகம் முழுக்க வெயில் களிம்பு.

"இன்னைக்கு எங்க நல்லாருக்கும், ப்ரதர்?"

"இங்க முதல்ல குட் மார்னிங் சொல்வோம்," என்றான் வெர்னல், தலையைத் தூக்காமல். "அப்புறந்தான் அலை, கடல் எல்லாம். மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு வந்தாலும் அதான் சட்டம்."

அந்த ஆள் சிரித்தான். குட் மார்னிங் சொன்னான். பெயர் பிராடி என்றான்.

"போன வருஷமும் இங்கதான் வந்தேன். ஒரு பொண்ணு மேல என் பலகை பட்டுடுச்சு. அன்னைக்கே கிளம்ப வேண்டியதாப் போச்சு. அவங்க இப்ப நல்லா இருக்காங்களா?"

வெர்னலின் கத்தி நின்றது.

ஆல்ஸ்டன் ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

"நல்லா இருக்காங்க," என்றான்.

அந்தப் பெண் இயோனா. ஆல்ஸ்டனின் மனைவி. வெர்னலின் தங்கை. கண் திறக்காமலே ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அதற்குள் நீலக் கோடு போட்ட படகு எத்தனையோ தீவுகளைத் தாண்டியிருந்தது.

இந்த விரிகுடாவில் தண்ணீருக்கடியில் ஒரு பாறை இருக்கிறது. பாதிரிப்பல் என்பார்கள். அலைகளுக்கு நடுவே அங்கே குளம்போல் அமைதியாக இருக்கும். தெரியாதவன் அதை நம்பி அங்கேதான் போய் உட்காருவான். வடக்கே இருந்து பெரிய அலை வந்தால் தப்பிக்க வழியில்லை. போன வருடம் பிராடி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றைக் கட்டவில்லை. அலை வந்ததும் பலகையை விட்டுவிட்டு முங்கினான். பலகை பின்னால் வந்துகொண்டிருந்த இயோனாவின் தலையில் அடித்தது.

தான் தப்பான இடத்தில் இருந்ததுகூட இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

எங்கே நல்லாருக்கும் என்று அவன் கேட்டதற்கு இன்றைக்கு உண்மையான பதில் எதிர்த் தீவு. அங்கே மணல் அடி. விழுந்தாலும் சிராய்ப்போடு போய்விடும்.

"இங்கயே இறங்குங்க," என்றான் ஆல்ஸ்டன். "அங்க நுரை தெரியுதுல்ல, அதுக்கு இடதுபக்கம். அமைதியா இருக்கும்."

பிராடி நன்றி சொல்லிவிட்டுப் பலகையோடு தண்ணீரில் இறங்கினான். ஆல்ஸ்டன் அவன் கணுக்காலைப் பார்த்தான். இந்த முறையும் கயிறு இல்லை.

"மாப்ள," என்றான் வெர்னல். "தண்ணி வத்துது. பாறை மேல ஆழமே இருக்காது."

"தெரியும் மச்சான்."

"கூப்பிடுறதா இருந்தா இப்பவே கூப்பிடணும்."

ஆல்ஸ்டன் மெழுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். வெர்னல் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சீவிய இளநீரை மணலில் வைத்துவிட்டு, எழுந்து கடைக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

தூரத்தில் பிராடி நீந்துவதை நிறுத்தினான். பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கரையைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையைத் தூக்கினான். இங்கேயா?

அவன் முதுகுக்குப் பின்னால், தொலைவில், கடல் ஒரு கருத்த கோடாக மேலெழும்பத் தொடங்கியிருந்தது. கத்தினால் கேட்கும் தூரந்தான்.

ஆல்ஸ்டன் எழுந்து நின்றான். கையை நீட்டிக் காட்டினான். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்.

பிராடி கட்டைவிரலை உயர்த்திவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல் நகர்ந்து போனான்.

அடக்கத்தன்று இயோனாவின் அம்மா, கடைசியா என் பொண்ணு என்ன சொன்னா என்று கேட்டாள். அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா என்றான் ஆல்ஸ்டன். பாஸ்டர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். கோயிலில் எல்லோரும் அழுதார்கள். ஊருக்கு இன்றைக்கும் அதுதான் தெரியும்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

போன வருடம் அந்தக் காலையில் இதே மணலில், பாதிரிப்பல் மேல் போய் உட்கார்ந்த வெளியூர்க்காரனைப் பார்த்து ஆல்ஸ்டனும் வெர்னலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து தன் கால்கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீயும் சொல்ல மாட்டே, எங்கண்ணனும் சொல்ல மாட்டான். பாவம்ப்பா அந்த ஆளு. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."