ஆறு நாள் முந்தி

மழையில் அடித்துப்போன எஸ்டேட் பாலத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை அட்டவணை காட்டும் செயலியில் மறுபடியும் சிவப்பு; முடிக்கும் தேதி மாறியிருந்தது. மேஸ்திரி குகன் டேப்லெட்டை இன்ஜினியர் சாந்தினியிடம் நீட்டினான்.

“பதினெட்டாம் தேதிதானே மேடம் முடிக்கணும்? பன்னெண்டுன்னு யாரு மாத்துனது?”

“நான்தான். இரும்புச் சட்டம் ஏத்துன லோரி நாலு நாள் முந்தியே வருது. ஞாயித்துக்கெழமையும் ஆள் போட்டாச்சு. முடியும்.”

“அப்படி என்ன அவசரம்? எஸ்டேட் துரை வர்றாரா?”

“இல்ல. பன்னெண்டாம் தேதிக்கு நீங்க இதே ஆப்லதான் லீவு கேட்டிருக்கீங்க. காரணமும் போட்டிருக்கீங்களே.”

குகனின் மனைவி பூவிழிக்கு டாக்டர் குறித்த பிரசவ நாள் அது. நிறைமாதக்காரியை ஆற்றில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு எப்படி நடத்திப்போவது என்று அவன் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் தேதி காலை, புதுப் பாலத்தில் முதல் வண்டியாக ஆம்புலன்ஸ் போனது. உள்ளே பூவிழியின் கையைப் பிடித்தபடி குகன் உட்கார்ந்திருந்தான்.