தக்காளி

குழந்தை தூக்கத்தில் சிணுங்கினாலும் "தக்காளி"தான். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் "தக்காளி"தான்.

தக்காளி என்பது ஒரு பொம்பளை. தத்துக் கொடுக்கும்வரை குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள். குழந்தையைத் தத்து ஆபீஸ் ஆட்கள் கொண்டுவந்து விட்டதால், தத்தெடுத்த தையல்காரி அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"கன்னம் உப்பலா, செவப்பா இருக்குமோ என்னவோ" என்று புருஷன் சிரித்தான். தையல்காரிக்குச் சுருக்கென்றது.

மாசக்கணக்காகியும் குழந்தை தையல்காரியை "இந்தா" என்றுதான் கூப்பிட்டது. ஊட்டுவது இவள், குளிப்பாட்டுவது இவள். ஏங்குவது மட்டும் அந்தத் தக்காளிக்காக. கடையில் தக்காளிக் கூடையைக் கண்டாலே வயிறு எரிந்தது. வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

இறுதி உத்தரவு வந்த அன்று கோர்ட்டில் வக்கீலம்மா விளக்கினார். இதுவரை இவள் 'தத்தெடுக்க இருப்பவர்'. இனிமேல் 'சட்டப்படியான தாய்'. பெற்றவளுக்கு உள்ள உரிமை அத்தனையும் இவளுக்கு உண்டு.

தையல்காரி மெல்ல இழுத்தாள். "அந்த வளத்த பொம்பளைக்கு?"

"ஒண்ணும் கிடையாது. பாக்க விடறதும் விடாததும் உங்க இஷ்டம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வெளியே வராந்தா பெஞ்சில் அந்த வளர்த்தவள் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஆபீஸில் கெஞ்சிக் கேட்டு வந்தவள். கன்னமுமில்லை, சிவப்புமில்லை. ஒட்டிப்போன முகம்.

குழந்தை இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி, "தக்காளி" என்று ஓடிப் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது.

தையல்காரி யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். அன்றைக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"இனிமே வராதீங்க. நீங்க வந்தா இது எங்கிட்ட ஒட்டாது. செல்லப்பேரு மட்டும் நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. அம்மாங்கற ஒரு வார்த்தைய சொல்லிக் குடுக்க மனசு வரலையா?"

வளர்த்தவளுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"செல்லப்பேரு இல்லீங்க. ஆபீஸ்ல எனக்குத் 'தற்காலிக வளர்ப்புத் தாய்'னு பேரு. ஆசை வச்சிடுவேனோன்னு பயம். எனக்கே அது மறந்துடக் கூடாதுன்னு 'தற்காலி'ன்னு கூப்பிடப் பழக்கினேன். பிஞ்சு வாயில்ல, தக்காளியாயிடுச்சு."

பேசிக்கொண்டே குழந்தையைத் தூக்கித் தையல்காரியின் இடுப்பில் வைத்தாள்.

"நடுவுல அதுவாவே என்னை அம்மா, அம்மான்னு கூப்பிடும். நான் திரும்பியே பாக்க மாட்டேன். அது உங்க பேராச்சேம்மா."